ஈசானிய மூலைப் படிக்கட்டு

ஜனவரி 20

இன்று முதல் நான் கட்டடக் கழிவுப் பிரிவு. மாநகராட்சி ஆணையர் அறைக்குக் கூப்பிட்டு, "மேடம், நீங்கதான் நல்லா வாதாடுவீங்க, அதனாலதான் உங்களப் போட்டிருக்கேன்" என்றார். இத்தனை வருடம் சாலைப் பிரிவில் ஒப்பந்தக்காரர்களோடு மல்லுக்கட்டியதற்கு இதுதான் பரிசு. மாடியில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஓடும்போது முனகுகிற ஒரு மின்விசிறி. உதவிக்கு ஆள் பிறகு வருமாம். வந்தால் பார்க்கலாம்.

புது விதியை முழுக்கப் படித்தேன். ஊரில் கட்டடம் இடிக்கிறவர்கள் இனிமேல் மாநகராட்சியிடம் சொல்லிவிட்டுத்தான் இடிக்க வேண்டும். இடித்ததை வாய்க்காலிலும் காலிமனையிலும் கொட்டக் கூடாது. செங்கல், கான்கிரீட், கம்பி, மரம் என்று பிரித்து, புறவழிச்சாலைப் பக்கம் உள்ள சேகரிப்பு நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். அங்கே அரைத்து நடைபாதைக் கல் செய்வார்கள். பழுது பார்த்தாலே போதும் என்கிற கட்டடத்தை யாராவது இடிக்க வந்தால், நான் நேரில் போய்ப் பார்த்து, வேண்டாம் என்று எடுத்துச் சொல்ல வேண்டும். முக்கியமான வேலை இதுதான். சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டபோதும் கம்பிக்காக இரும்பை உருக்கியபோதும் போன கார்பன் போனதுதான். நிற்கிற சுவரை நிற்க விட்டால் மறுபடி அவ்வளவு புகை வேண்டியதில்லை. ஒரு டிப்பர் லோடுக்குள் அடங்கும் சின்ன இடிப்புக்கு மட்டும் அனுமதி தேவையில்லை; கழிவைக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். நல்ல விதி. எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்த டைரி என் மகள் தாரணி புத்தாண்டுக்கு வாங்கிக் கொடுத்தது. "எழுதுங்கம்மா, எல்லாத்தையும் மனசுலயே வெச்சுக்காதீங்க" என்றாள். என் மனசில் அப்படி என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. வேலையைப் பற்றி எழுதுகிறேன்.

ஜனவரி 29

முதல் மனுதாரர் ஓர் ஆசிரியர். கட்டி ஐந்து வருடம் ஆகாத வீடு. சமையலறையை இடித்து அக்கினி மூலைக்கு மாற்ற வேண்டுமாம், கழிப்பறையை ஏற்கெனவே மாற்றியாயிற்றாம். சுவரைத் தட்டிப் பார்த்தேன், கல்லுமாதிரி இருந்தது. "சார், நீங்க என்ன பாடம் எடுக்கறீங்க?" என்று கேட்டேன். இயற்பியல் என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு கார்பன் கணக்கைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிங்க மேடம், எம்பட சம்சாரத்துக்கு முழங்கால் வலி தீரவே மாட்டேங்குதே" என்றார்.

இந்த ஊரில் கட்டடங்கள் வயதாகிச் சாவதில்லை. வாஸ்து பார்த்துச் சாகின்றன.

பிப்ரவரி 8, ஞாயிறு

வாயைக் கொடுத்தால் வீடு தேடி வரும் போலிருக்கிறது. காலையில் நங்கை வந்தார். என் வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தியின் அக்கா, சரசாத்தாள். எங்கள் பக்கம் வீட்டுக்காரரின் அக்காவை நங்கை என்றுதான் கூப்பிடுவோம். கூடவே ஒரு வாஸ்து நிபுணர். வெள்ளை வேட்டி, கையில் லேசர் அளவுகோல், செல்போனில் திசைகாட்டி. என்னைவிட நவீனக் கருவிகளோடு வேலை செய்கிறார்.

வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வெளிப்பக்கம் மாடிக்குப் போகிற படிக்கட்டின் முன்னால் நின்றுவிட்டார். "ஈசானியத்துல இவ்வளவு பாரத்த ஏத்தி வெச்சிருக்கீங்களேம்மா. வடகிழக்கு மூலை காலியா, லேசா இருக்கோணும். இந்த மாதிரிப் பாரம் இருந்தா, இந்த வீட்ல பொறந்த பொண்ணு வயித்துல தங்காது" என்றார்.

யாரும் அவரிடம் தாரணியைப் பற்றிச் சொல்லியிருக்கவில்லை என்று நங்கை சத்தியம் செய்கிறார். சொல்லாமல் இருந்திருப்பாரா? தாரணிக்குக் கல்யாணமாகி நான்கு வருடம். கோபியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். முதல் கர்ப்பம் மூன்றாம் மாதத்தில் கலைந்தது. இரண்டாவது ஐந்தாம் மாதம்.

அந்தப் படிக்கட்டு நான் வரைந்தது. இந்த வீடே நான் வரைந்தது. கொத்தனார் தண்ணீர் ஊற்றச் சோம்பல்படுவார் என்று நானே காலையிலும் மாலையிலும் குடம் குடமாய் ஊற்றி நனைத்த கான்கிரீட். வடகிழக்கில் வைத்தது, வரவேற்பறைக்குத் தென்மேற்குக் காற்று தடைபடக் கூடாது என்று. இன்றுவரை கீழ்த்தளத்தில் ஏசி இல்லாமல் இருக்கிறோம். இதையெல்லாம் சொன்னேன்.

"காத்து வந்து என்ன பண்றது அம்மிணி, தொட்டில்ல ஆட ஒரு கொளந்த வரோணுமல்லோ" என்றார் நங்கை.

அவர் கெட்டவரில்லை. தாரணி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு வாரம் வராந்தாவிலேயே படுத்துக்கிடந்தவர். அதனால் மேற்கொண்டு வாதாடாமல் காபி போட உள்ளே போனேன்.

பிப்ரவரி 9

என் வீட்டுக்காரர் ஜவுளிக்கடையிலிருந்து வந்ததும் வாசலில் நின்று படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வந்தார்.

பிப்ரவரி 17

இன்று ஒரு வெற்றி. ரத்தினசபாபதி என்பவரின் பழைய கல்யாண மண்டபம். புது மண்டபங்களோடு போட்டி போட முடியவில்லை என்று முழுக்க இடித்துத் தள்ள வந்தார். போய்ப் பார்த்தேன். தூண்கள் யானைக்கால் மாதிரி இருக்கின்றன. கூரைக்கு மேல் வெள்ளை ஓடு பதித்து, பக்கச்சுவர்களைத் திறந்து, உள்ளே மட்டும் மாற்றினால் போதும் என்று காகிதத்தில் வரைந்தே காட்டினேன். சூடு குறையும், கரண்டும் குறையும். ரொம்ப நேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இடிச்சுட்டுப் புதுசாக் கட்டுனாத்தான் ஊருக்குள்ள மருவாதின்னு நெனச்சனுங்க."

"பழசை வெச்சே புதுசாக் காட்டுங்க, அப்பறம் பாருங்க மருவாதிய" என்றேன். சரி என்றுவிட்டார். அந்த மண்டபம் நின்றதில் எத்தனை லாரி இடிபாடு மிச்சம் என்று ஆணையரிடம் சொன்னபோது அவர் எழுந்தே நின்றார்.

மார்ச் 1, ஞாயிறு

தாரணி வந்திருந்தாள். காபி வேண்டாமென்றாள். இந்த வெயிலுக்கு யாருக்குத்தான் காபி பிடிக்கும். கருவேப்பிலை தாளித்ததும் எழுந்து வெளியே போனாள். வெளியே காற்றாக இருந்தது, அதனால் போயிருப்பாள்.

மார்ச் 2

கிளம்பும்போது, பஸ் நிலையத்தில் வைத்துச் சொன்னாள். "அம்மா, நாள் தள்ளிப் போயிருக்குது. டாக்டர் உறுதி பண்ணிட்டாங்க. எங்க வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் மட்டுந்தான் தெரியும். யார்கிட்டயும் சொல்லீராதீங்க. அஞ்சு மாசம் தாண்டட்டும்."

"அப்பாகிட்டக் கூடவா?"

"அப்பாகிட்டச் சொன்னா அத்தைகிட்டப் போயிரும். போன தடவ வளைகாப்புக்கு வளையலே வாங்கி வெச்சுட்டாங்கல்லம்மா. அத அப்பறம் எங்கண்ணு படாம எடுத்து ஒளிச்சு வெச்சாங்க. என்னால மறுக்கா அதெல்லாம் முடியாது. சத்தியம் பண்ணுங்க."

பஸ் நிலையத்தில், கரும்பு ஜூஸ் கடைக்கு முன்னால், சத்தியம் செய்தேன்.

மார்ச் 11

பங்குனி கழியட்டும், சித்திரையில் நல்ல நாள் பார்த்துப் படிக்கட்டை எடுத்துவிடலாம் என்று அக்காவும் தம்பியும் முடிவு செய்துவிட்டார்கள். வாஸ்துக்காரர் ஏப்ரல் 20 என்று நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார். தென்மேற்கில் இரும்புப் படி வைத்துக்கொள்ளலாமாம்.

"அப்படியெல்லாம் இடிக்க முடியாதுங்க. புது விதி வந்திருக்குது. மனுக் கொடுக்கோணும், நேரில் பார்க்கோணும், அனுமதி வாங்கோணும்" என்றேன்.

"இத்துனூண்டு படிக்கட்டுக்கா?"

"இத்துனூண்டு படிக்கட்டுக்கும்தான்."

அவர் சட்டம் மதிக்கிற மனிதர். மனுவை அழகாக எழுதி ராத்திரிக்குள்ளேயே என்னிடம் கொடுத்துவிட்டார்.

விதி என்றால் எல்லோருக்கும் விதிதான். என் வீட்டுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் ஊர் என்ன சொல்லும்? நல்ல கான்கிரீட்டை உடைக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பிரிவே. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

மார்ச் 13

தாரணி என் வயிற்றில் இருந்தபோது நடந்தது இன்று ஏனோ நினைவு வந்தது. வாடகை வீட்டில் காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடிக்கப் போனேன். நங்கை ஓடிவந்து சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டார். "மாசமா இருக்கறவ ஊட்டுல ஆணி அடிக்கப்படாது, கட்டப்படாது, இடிக்கப்படாது. கொளந்தைக்கு ஆகாது" என்றார். அந்த வருடம் முழுக்கக் காலண்டர் பீரோமேல் கிடந்தது. நான் அப்போதே சிவில் டிப்ளமோ முடித்தவள். இப்படியெல்லாம் நம்புகிறார்களே என்று சிரித்தேன்.

நங்கையிடம் விஷயத்தைச் சொன்னால் அடுத்த நிமிஷம் இடிப்பு நின்றுவிடும். வாஸ்துக்காரரை வாசலோடு அனுப்பிவிடுவார். ஆனால் சத்தியம் செய்திருக்கிறேன்.

மார்ச் 26

மனுதாரர் என் கணவர் என்பதால் நானே அனுமதி கொடுப்பது முறையாகாது என்று எழுதி, மனுவை மண்டல அலுவலகத்துக்கு அனுப்பினேன். அங்கே இருக்கிறவர் ஒரு காகிதத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதை நன்றாக ஊறப்போடுகிற ஆள். வாழ்க்கையில் முதல்முறையாக அவருடைய சோம்பல் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஏப்ரல் 4

தாரணி ஸ்கேன் எடுத்தாளாம். குழந்தையின் இதயத்துடிப்பு நன்றாக இருக்கிறதாம். அலுவலகக் கழிப்பறைக்குள் போய் நின்று பேசினேன். வெளியே வந்ததும் எதிரில் வந்த வரி வசூல் பிரிவுக்காரரைப் பார்த்துக் காரணமில்லாமல் சிரித்துவிட்டேன். மனிதர் பயந்துபோய் அவருடைய பிரிவில் ஏதாவது ஆய்வு வருகிறதா என்று கேட்டார்.

ஏப்ரல் 10

வாய்க்காலில் இரவோடு இரவாகக் கொட்டின இடிபாட்டைக் கொட்டியவனையே அள்ள வைத்தேன். தொண்டை கட்டிவிட்டது.

ஏப்ரல் 17

மாட்டிக்கொண்டேன்.

இடிக்கிற மேஸ்திரி அம்மாசையிடம் என் வீட்டுக்காரர், அனுமதி இன்னும் வரவில்லை, நாள் நெருங்குகிறது என்று புலம்பியிருக்கிறார். அம்மாசை சிரித்திருக்கிறார். "இதுக்கெல்லாம் அனுமதி வேண்டியதில்லீங்ளே. ஒரு லோடுக்குள்ள இருந்தா சும்மா இடிச்சுக் கொண்டுபோய்க் கொட்டலாம். மேடமே போன வாரம் எங்களுக்கெல்லாம் கூட்டம் போட்டுச் சொன்னாங்களே."

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டார். "அம்மிணி, எங்கிட்டப் பொய் சொன்னியா?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னைக் கேட்காத கேள்வி. ஆமாம் என்றேன்.

"எதுக்கு?"

அதற்கு என்ன சொல்ல? நல்ல கான்கிரீட், காற்று வருகிற வழி, கார்பன் என்று மறுபடியும் ஆரம்பித்தேன். எனக்கே என் குரலைக் கேட்கப் பிடிக்கவில்லை.

"உனக்கு நீ வரைஞ்ச படிதான் பெருசு. புள்ள பெருசில்ல" என்றார். சத்தம்போட்டுச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகச் சொன்னார். சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டார். குறித்த நாளில் இடிப்பதாக அம்மாசையிடம் சொல்லியாயிற்றாம்.

ஏப்ரல் 18

மதியம் தாரணிக்குப் போன் செய்தேன். அப்பாவிடம் சொல்லிவிடட்டுமா, சொன்னால் இடிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று கேட்டேன். அவளுக்கு எதுவுமே புரியவில்லை. நான் மார்ச்சிலிருந்து செய்த கூத்தையெல்லாம் சொன்னேன். 

"எதுக்கும்மா நிறுத்தறீங்க? இடிக்கட்டும்" என்றாள்.

"கண்ணு, நீ படிச்சவ. ஒரு படிக்கட்டுக்கும் வயித்துக்கும்..."

"நான் ஒண்ணு சொல்லட்டுமா? ரெண்டு தடவயும் எல்லாரும் எம்பட வயித்தத்தான் பார்த்தாங்க. மாமியா வீட்ல, ஆஸ்பத்திரில, பக்கத்து வீட்டுக்காரங்க. வேகமா நடந்தியா, வண்டில போனியா, என்ன சாப்ட்டே. நானும் அப்படித்தான் நெனச்சுட்டிருந்தேன். எங்கிட்டத்தான் என்னமோ கோளாறுன்னு. அத்தை போன் பண்ணி, 'உம்மேல ஒண்ணுமில்ல சாமி, எல்லாம் அந்தப் படிக்கட்டு'ன்னு சொன்னாங்க பாருங்க. அன்னிக்குத்தான் நான் நிம்மதியாத் தூங்கினேன்."

மேசையில் விரித்து வைத்திருந்த மனுக்களை மூடினேன்.

"நீங்க அந்தப் படிக்கட்டுக்கு வக்கீலாட்டம் நிக்கறீங்க. படி மேல குத்தமில்லைன்னா அப்பறம் யார் மேலம்மா?"

மூன்று மாதமாக ஊரெல்லாம் போய் வாதாடி ஜெயிக்கிறேன். என் பெண்ணிடம் தோற்றுவிட்டேன். வாஸ்து பொய் என்று நிரூபிக்க நிரூபிக்க, அந்தப் பழியை நானே தூக்கிக்கொண்டுபோய் அவள் மடியில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இது எனக்குத் தோன்றவே இல்லை.

"சொல்லாதீங்கம்மா. நான் கோபிலதான இருக்கேன், எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள். சரி என்று வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 20

இடித்தாயிற்று.

விடுப்புப் போட்டுவிட்டு முழுநேரமும் நின்றேன். அம்மாசை கடப்பாரையை ஓங்கப் போனார். வேண்டாம், வெட்டும் மெஷின் வைத்து ஒவ்வொரு படியாக அறுத்து இறக்குங்கள் என்றேன். கம்பியைத் தனியாக, செங்கல்லைத் தனியாக, கான்கிரீட்டைத் தனியாக அடுக்கச் சொன்னேன். இடித்தது நானே என்றாலும் விதிப்படிதான். கான்கிரீட் லேசில் விடவில்லை. "என்னங்க மேடம், அணைக்கட்டுக்குப் போட்ட மாதிரி போட்டிருக்கீங்க" என்று அம்மாசை நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வேறு நாளாக இருந்தால் பெருமைப்பட்டிருப்பேன்.

எனக்குப் பயமாக இருந்தது. எழுதிவிடுகிறேன்.  வாஸ்துவை நம்பாதவள், மாசமாக இருக்கிறவளின் பிறந்த வீட்டை இடிக்கக் கூடாது என்பதை மட்டும் எப்படி நம்புகிறேன் என்று தெரியவில்லை. மனுவை ஊறப்போட்டது கார்பனுக்காக இல்லை. காற்றுக்காகவும் இல்லை. இந்தப் பயத்துக்காகத்தான். இதை ஆணையரிடம் சொன்னால் அன்றைக்கே என்னைச் சாலைப் பிரிவுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்.

லோடைச் சேகரிப்பு நிலையத்துக்கு நானே கூடப்போய் இறக்கிவிட்டு வந்தேன். நங்கை வந்து காலியான மூலையில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டார். என் வீட்டுக்காரர் ராத்திரி என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

மே 4

தென்மேற்கில் இரும்புப் படி வைத்தும் வரவேற்பறையில் காற்று குறையவில்லை. படிக்கட்டு இருந்தபோது எப்படியோ அப்படியே வருகிறது. நான் அத்தனை சொன்னதற்கு மரியாதைக்காவது கொஞ்சம் குறைந்திருக்கலாம். தாரணி நன்றாக இருக்கிறாள். தினமும் மாங்காய் கேட்கிறாளாம். கௌதம் மாப்பிள்ளை எங்கெங்கோ அலைந்து வாங்கி வருகிறாராம்.

மே 12

ரத்தினசபாபதி மண்டபத்தில் கூரை வேலை முடிந்தது. உள்ளே போய் நின்றேன். நல்ல குளுமை. முதல் முகூர்த்தத்துக்கு வரச்சொன்னார். இன்னும் இரண்டு வாரம் போனால் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடலாம் என்றாள் தாரணி. நானும் மனசுக்குள் ஒரு தேதி குறித்து வைத்திருக்கிறேன்.

மே 19

கோபி ஆஸ்பத்திரி. போய்விட்டது.

மே 21

தாரணியை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். டாக்டர் உறுதியான காரணம் ஒன்றும் சொல்லவில்லை. சில சோதனைகளுக்கு அனுப்பியிருக்கிறார்கள், முடிவு வந்ததும் பேசலாம் என்றார். அடுத்த முறை ஆரம்பத்திலிருந்தே வேறு மாதிரிப் பார்க்கலாம் என்றும் சொன்னார். அடுத்த முறை என்ற வார்த்தையைக் கேட்டதும் தாரணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அழவில்லை. பேசவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். கொடுத்தால் இரண்டு வாய் சாப்பிடுகிறாள்.

என் வீட்டுக்காரருக்கு இப்போதுதான் விஷயமே தெரியும். கர்ப்பம் என்பதும், கலைந்தது என்பதும் ஒரே போனில். எத்தனை மாதம் என்று மட்டும் கேட்டார்.

மே 24, ஞாயிறு

நங்கை வந்தார். வாசலில் காலெடுத்து வைக்கும்போதே அழுகை. கூடத்தில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் படியத்தான் எடுத்தாச்சே அம்மிணி. எல்லாஞ் சுத்தம் பண்ணியாச்சே. அதுக்கப்பறமும்னா என்னன்னு சொல்றது? இவ வயித்துலதான் என்னமோ..." என்றார்.

தாரணியின் அறைக்கதவு திறந்திருந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தவளின் தோள் ஒரு தரம் அசைந்ததைப் பார்த்தேன்.

"நங்கை, நான்தானுங்க" என்றேன்.

"என்னது நீ?"

"அவ மாசமா இருக்கறது எனக்கு மார்ச்லயே தெரியும். தெரிஞ்சுட்டேதான் இடிக்க விட்டேன். மெஷின் வெச்சு, கூடவே நின்னு. இதுலெல்லாம் என்ன இருக்குதுன்னு நெனச்சேன்."

நங்கை எழுந்து என் எதிரில் வந்து நின்றார்.  "அடிப்பாவி, மாசமா இருக்கறவ பொறந்த ஊட்டுல போய்க் கை வெக்கலாமா? ஒரு ஆணி அடிக்க உடாம உன்னய வெச்சுப் பார்த்தனே! எனக்கொரு வார்த்த சொல்லியிருந்தா குறுக்க படுத்திருப்பனே! படிச்ச திமிரு! உம்பட திமிருக்கு அந்தக் கொளந்தையக் குடுத்துட்டியே!"

தலையைக் குனிந்து நின்றுகொண்டேன். என் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தார். பொய் சொல்லி நான் எதற்காக நாளைக் கடத்தினேன் என்று அவருக்கு அந்த நிமிஷத்தில்தான் விளங்கியிருக்க வேண்டும். "அக்கா, அவ தடுத்துத்தான்..." என்று வாயெடுத்தார். அவரைப் பார்த்தேன். எத்தனையோ வருடம் என்னோடு குடும்பம் நடத்தினவர், அந்தப் பார்வையின் அர்த்தம் தெரியாமல் இருக்குமா? உட்கார்ந்துவிட்டார்.

நங்கை தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். போகும்போது தாரணியின் தலையைத் தடவி, "உம்மேல ஒண்ணுமில்ல சாமி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மே 25

சமையலறையில் இருந்தேன். தாரணி கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். அறையை விட்டுத் தானாக எழுந்து வந்தது இன்றுதான்.

"எதுக்கும்மா அப்படிச் சொன்னீங்க?"

"உள்ளதத்தான சொன்னேன்."

"இடிக்கச் சொன்னது நானு."

"அத யார்கிட்டயும் சொல்லீராத" என்றேன். "சத்தியம் பண்ணு."

அவள் சத்தியம் செய்யவில்லை. மறுக்கவும் இல்லை. தண்ணீர் குடித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஜூன் 2

அரையாண்டு ஆய்வுக் கூட்டம். என் பிரிவைப் பற்றி ஆணையர் நல்லபடியாகச் சொன்னார். பின்வரிசையிலிருந்து ஒருவர், "மேடம் வீட்லயே வாஸ்து பார்த்துப் படிக்கட்ட இடிச்சாங்களாமே சார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆணையரும் என்னைப் பார்த்தார். ஆமாங்க சார், இடித்தோம், கழிவை விதிப்படி ஒப்படைத்தோம் என்றேன். 

மதியம் ஓர் அம்மாள் வந்தார். மருமகளுக்காக வீட்டின் தண்ணீர்த் தொட்டியை இடிக்க வேண்டுமாம். ஒரு லோடுகூட வராது, அனுமதி தேவையில்லை. ஜனவரியில் என்றால் அவருக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்திருப்பேன். உட்காரவைத்து, மருமகளுக்கு என்ன உடம்புக்கு, எந்த டாக்டரிடம் காட்டுகிறீர்கள் என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசினார். கடைசியில் தொட்டியைப் பற்றி இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

நங்கை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒன்றுவிட்ட தம்பி மனைவி ரோட்டில் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வலிக்கிறது. வலிக்கவில்லை என்று எழுத முடியாது.

ஜூன் 7, ஞாயிறு

காலையில் தாரணி குழாயைத் திறந்து பச்சைத் தண்ணீரில் குளிக்கப் போனாள். உடம்பு இருக்கிற நிலைமைக்கு வெந்நீர் போட்டுத் தருகிறேன், கொஞ்சம் பொறு என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

கையிலிருந்த சொம்பைத் தூக்கி எறிந்தாள். "இதெல்லாம் இப்பச் சொல்லுங்க! அன்னிக்கு எங்க போச்சு இந்த அக்கறை? தெரிஞ்சுட்டேதான இடிக்க விட்டீங்க? கூடவே நின்னு பார்த்தீங்கல்ல? எல்லாம் உங்களாலதான்! உங்களாலதாம்மா!"

என் வீட்டுக்காரர் ஓடிவந்தார். வேண்டாமென்று கையைக் காட்டினேன்.

"ஆமா கண்ணு, என்னாலதான்" என்றேன்.

ஈரக் கையோடு என் தோளில், மாரில், எங்கே படுகிறது என்று பார்க்காமல் அடித்தாள். உங்களாலதான் உங்களாலதான் என்று சொல்லிக்கொண்டே அடித்தாள். பிறகு என்மேலேயே சாய்ந்து அழ ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் அழுவது இதுதான் முதல் தடவை. ரொம்ப நேரம் அழுதாள்.

மாலையில் பசிக்கிறது என்றாள். தோசை ஊற்றிக் கொடுத்தேன்.